வீட்டுக்கு ஒரு பேர்

வக்கீலிடம் போகிறவர்கள் பொய் சொல்வார்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. நான் பார்த்தவரை அப்படியில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வோம், கேட்காததைச் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நமக்கே தெரிந்தால் வக்கீல் எதற்கு? என் தம்பிக்காக நான் இரண்டு வக்கீல்களிடம் போனேன். ஒருவர் கோவில்பட்டியில், கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தவர். இன்னொருவர் சென்னையில் விசா வேலை மட்டும் பார்க்கிறவர். அவரைக் கடைசிவரை நேரில் பார்த்ததே இல்லை. இருவரும் கெட்டவர்கள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக எனக்குக் கோபம் வரும், வந்தால் யாரையாவது குறை சொல்லத் தொடங்கிவிடுவேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். உளுந்து, பாசி, மக்காச்சோளம், கொஞ்சம் பருத்தி, எல்லாம் வானம் பார்த்த வெள்ளாமை. மழை பொய்த்ததற்கோ பன்றி அழித்ததற்கோ நாங்கள் ஒருநாளும் ரோட்டில் உட்கார்ந்ததில்லை. குடிதண்ணீருக்குத்தான் உட்கார்ந்தோம். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும். நாலு நாளைக்கு ஒருமுறை, அதுவும் நூல் மாதிரி. அந்தக் கோடையில் மூன்று வாரம் அதுவும் வரவில்லை. மனுக் கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு காலையில் பொம்பிளைகள் நாங்கள் இருபது முப்பது பேர் பிளாஸ்டிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு போய் மெயின்ரோட்டின் குறுக்கே வரிசையாக வைத்துவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்தோம். முன்வரிசையில், நடுவில், நான். ஆம்பிளைகள் வேப்பமர நிழலில் நின்று யோசனை சொன்னார்கள்.

இரண்டு மணி நேரம் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. தீப்பெட்டி லோடு ஏற்றிய ஒரு லாரிக்காரர் முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினார், அப்புறம் இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "விடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டிக்குள்ளேயே தூங்கிவிட்டார். அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார், பேசினார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் தண்ணீர் வந்தது. நாங்கள் பெரிய காரியம் சாதித்துவிட்ட மிதப்பில் இருந்தோம்.

மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சொல்லியனுப்பினார்கள். கேஸ் போட்டாகிவிட்டது, பெயர்கள் வேண்டுமாம். அதட்டல் ஒன்றும் இல்லை. ஊர்ப் பெரியவரிடம், "மேல கணக்குக் காட்டணும் அண்ணாச்சி. ஒரு இருபது பேரு குடுங்க. இங்கனயே ஜாமீன் போட்டு அனுப்பிருதோம். பொம்பிளையாளு பேரு மட்டும் வேண்டாம், அது பெரிய இழுவை" என்று சொல்லியிருக்கிறார்கள். ரோட்டில் உட்கார்ந்தது முழுக்கப் பொம்பிளைகள். அதனால் என்ன, பெயர்தானே கேட்டார்கள்.

ஊர் கோயில் முன்னால் கூடியது. எங்கள் ஊரில் எதையும் தலைக்கட்டுக் கணக்கில்தான் பிரிப்போம். கல்யாணமான ஆம்பிளை ஒருவன் ஒரு தலைக்கட்டு. கோயில் கொடைக்கு வரி போடுவது, வெட்டிய கிடாக்கறியைக் கூறு போடுவது, ஊருணி தூர்வார ஆள் அனுப்புவது எல்லாம் அந்தக் கணக்குத்தான். கேஸையும் அப்படியே பிரித்தார்கள். மறியலுக்குப் பொம்பிளை போன வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒரு பேர். யாரும் முகம் சுளிக்கவில்லை. வரிசையாகச் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதினார்கள்.

எங்கள் வீட்டு முறை வந்தது. என் வீட்டுக்காரர் அரசாங்கப் பள்ளிக்கூட வாத்தியார். கேஸில் பெயர் வந்தால் மெமோ வரும், சஸ்பெண்ட் வரும், வரவிருந்த பதவி உயர்வு வராது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"தம்பி பேரை எழுதுங்க" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அவன் கல்யாணம் ஆகாதவன்லா தாயி. தலைக்கட்டுல சேராதே."

"எங்க வீட்டு ஒலைச் சோறுதான அவனும் சாப்பிடுதான். எழுதுங்க."

எழுதினார்கள். மொத்தம் இருபத்தோரு பேர் சேர்ந்தது. தம்பி என்னைவிட ஏழு வயது இளையவன். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபிறகு எங்களோடுதான் இருந்தான். கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் பிட்டர். மறியல் நடந்த அன்றைக்கு அவன் காலை ஷிப்ட். மிஷின் சத்தத்துக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறான், ஊரில் நடந்ததே அவனுக்குச் சாயங்காலம்தான் தெரியும். அவன் வேலை முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். "சரிக்கா" என்றான். கறிக்கூறு கிடைக்காத பயலுக்குக் கேஸில் ஒரு கூறு கிடைத்தது என்று நான் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கு என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கோவில்பட்டி வக்கீலை ஊரே சேர்ந்து அமர்த்தியது. அவர் ஆபீசுக்கு ஏறுகிற மாடிப்படிதான் காத்திருக்கிற இடம். படிக்கு ஒரு கட்சிக்காரர் உட்கார்ந்திருப்போம். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருப்பவரிடம் நம் நோயைச் சொல்லத் தயங்குவோம், வக்கீல் வீட்டுப் படியில் அந்தக் கூச்சமே கிடையாது. மேல்படிக்காரரின் வரப்புத் தகராறு கீழ்ப்படி வரைக்கும் இறங்கி வரும். உள்ளே போனால் மட்டும் வாய் அடைத்துவிடும். அவர் கேஸ் கட்டைப் பிரிப்பார், கண்ணாடியை ஏற்றுவார், "ம், அடுத்த வாய்தா எப்பம்னு சொல்லுதேன்" என்பார். அந்தக் குரலைக் கேட்டதும் நாம் சொல்ல வந்தது நமக்கே அற்பமாகத் தோன்றும். எழுந்து வந்துவிடுவோம். ரோட்டுக்கு வந்து டீ குடிக்கும்போதுதான் கேட்க நினைத்ததெல்லாம் ஞாபகம் வரும்.

இரண்டு வருஷம் வாய்தா வாய்தாவாகப் போனது. ஒவ்வொரு தடவையும் இருபத்தோரு பேரும் வேலையை விட்டுவிட்டுப் போய் நிற்கவேண்டும். கடைசியில் வக்கீலே ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டு, எல்லோரும் ஒரே நாளில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்ன அபராதத்தோடு முடிந்துவிடும் என்றார். ஊருக்குச் சந்தோஷம். எனக்கு இரட்டைச் சந்தோஷம், ஏனென்றால் அப்போதுதான் தம்பிக்குப் பெண் பார்த்து முடித்திருந்தோம். பெண் நர்ஸ், கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. பத்திரிகை அடிப்பதற்குள் இந்தச் சனியன் தொலையட்டும் என்று நினைத்தேன்.

ஒப்புக்கொள்ளப் போகவேண்டிய அன்றைக்குக் காலையில் தம்பி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டான். "நான் அன்னைக்கு மில்லுலதானக்கா இருந்தேன். வருகைக் கணக்கு இருக்கும். அதை வக்கீல்ட்ட காட்டிப் பாத்தா என்ன?"

"ஊரு மொத்தமும் ஒத்துக்கிடப் போவுது, நீ மட்டும் யோக்கியனாக்கும்? பேசாம போயி சோலிய முடிச்சிட்டு வாலே" என்றேன்.

ஒரு லோடு வேன் பிடித்துப் போனார்கள். கோர்ட்டில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் "ஆமாங்கய்யா" என்றிருக்கிறார்கள். பத்து நிமிஷம். அபராதத்தைக் கட்டிவிட்டு, ஓட்டலில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு, வேனில் சத்தம் போட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கல்யாணவீட்டுக்குப் போய்விட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது யாருக்கும் புரியாது. எங்கள் பக்கம் கேஸ் இரண்டு வகை. வெட்டு, குத்து, அடுத்தவன் சொத்தில் கைவைப்பது, இதெல்லாம் சொந்தக் கேஸ். அது இருக்கிற வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ஊருக்காக வாங்கியது ஊர்க்கேஸ். அதை யாரும் கேஸ் என்றே எண்ணுவதில்லை, காய்ச்சல் வந்து போன மாதிரி. பெண்வீட்டாரிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. சொல்லவேண்டிய ஒன்றாக அது எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. தம்பி பெண்டாட்டிக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

கல்யாணமாகி ஒரு பெண்குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நாலு வயது முடிந்தபோது தம்பி பெண்டாட்டி வெளிநாட்டுப் பரீட்சை எழுதித் தேறி, குளிர்நாடு ஒன்றில் வேலைக்குப் போனாள். நாட்டின் பெயர் வேண்டாம். ஒரு வருஷம் கழித்து அவனையும் குழந்தையையும் அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அந்த ஒரு வருஷமும் குழந்தை என் மடியில்தான் கிடந்தாள். எனக்குப் பிள்ளையில்லை. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தம்பி பெண்டாட்டியின் சிநேகிதி ஒருத்தி மூலமாகச் சென்னை வக்கீல் கிடைத்தார். எல்லாம் போன், இமெயில், வாட்ஸப். தம்பி ஷிப்டில் இருக்கும்போது போனை எடுக்க முடியாது என்று என் நம்பரையும் கொடுத்திருந்தான். ஒருநாள் மத்தியானம் நான் களத்தில் உளுந்தஞ்செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் ஆபீசிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். விண்ணப்பம் நிரப்ப விவரம் வேண்டுமாம், இன்றைக்கே முடிக்கவேண்டுமாம். பிறந்த தேதி கேட்டாள், படிப்பு கேட்டாள், முன்னால் வெளிநாடு போயிருக்கிறாரா என்று கேட்டாள். டக்டக்கென்று சொன்னேன். எனக்குத் தெரியாத விஷயமா அவனைப் பற்றி?

"அவர் மேல கிரிமினல் கேஸ் ஏதாவது இருக்கா மேடம்? தண்டனை, அபராதம், அந்த மாதிரி?"

"எங்க குடும்பத்துல போலீஸ் ஸ்டேஷன் படி மிதிச்ச ஆளே கிடையாதும்மா" என்றேன். கொஞ்சம் ரோஷமாகவே சொன்னேன். அந்தப் பெண் என் தம்பியை என்னவென்று நினைத்தாள் என்று இருந்தது.

"அப்ப இல்லைன்னு போட்டுக்கறேன்" என்றாள்.

எனக்கு அந்த நேரத்தில் வேன் ஞாபகம் வரவில்லை. இருபத்தோரு பெயர் எழுதிய நோட்டு ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. நான் எத்தனையோ தடவை என்னையே குறுக்குவிசாரணை செய்து பார்த்துவிட்டேன். விண்ணப்பம் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தது, முழுக்க இங்கிலீஷ். தமிழில் படித்த தம்பி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். பிறகு போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். அதுவும் இங்கிலீஷில் வந்தது. முத்திரையைப் பார்த்தோம், அவன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம், அனுப்பிவிட்டோம். அதில் கீழே ஒரு வரியில் கேஸும் அபராதமும் இருந்தது. நாங்கள் படிக்கவில்லை. சரி, சென்னை ஆபீசும் படிக்காமலா அனுப்பும்? படிப்பதற்குத்தானே அவர்களை வைத்தோம்? ஒரு ரேஷன் கார்டைக்கூட வாங்கினால் திருப்பிப் பார்க்கிறோம்.

குழந்தைக்கு விசா வந்தது. தம்பிக்கு மறுத்துவிட்டார்கள். பொய்த் தகவல் கொடுத்தவர் என்பதால் பத்து வருஷத்துக்கு விண்ணப்பிக்கவே கூடாது என்று எழுதியிருந்தது.

நான் சென்னைக்குப் போன் போட்டுக் கத்தினேன். என் வாய் ஊருக்குத் தெரிந்த வாய். வக்கீலே லைனுக்கு வந்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மேடம், கேஸ் ஒரு பிரச்சினையே இல்லை. ரோடு மறியல், சின்ன அபராதம். சொல்லியிருந்தா பெரும்பாலும் விட்டிருப்பாங்க. சொல்லாததுதான் பிரச்சினை."

"நீங்க ஒழுங்கா கேட்டிருந்தா சொல்லியிருப்போம்ல சார்?"

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. "கேட்டிருக்கோம் மேடம். எங்க ஸ்டாஃப் குறிப்பு எழுதி வச்சிருக்காங்க. அக்காவிடம் கேட்டது. குடும்பத்தில் யாரும் ஸ்டேஷன் படி மிதித்ததில்லை என்றார். நீங்கதானே அக்கா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

மறுபரிசீலனைக்கு எழுதிப் பார்க்கலாம், தீர்ப்பு நகலும் ஒரு விளக்கக் கடிதமும் வேண்டும் என்று பிறகு வக்கீலே தகவல் அனுப்பினார். நகலுக்காக நானும் தம்பியும் கோவில்பட்டி வக்கீலிடம் போனோம். அதே மாடிப்படி. இந்த முறை உள்ளே போனதும் நான் வாய் அடைத்துப்போகவில்லை, எல்லாவற்றையும் கொட்டினேன். மில் வேலை, ஷிப்ட், வேறு ஆள் பெயருக்குப் பதிலாக இவன் பெயர் போனது, எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அன்னைக்கு இவன் மில்லுல இருந்தானா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"இதை அப்பமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாம்மா? இவனை மட்டும் தனியாப் பிரிச்சிருப்பேன். மில்லு வருகைக் கணக்கு ஒண்ணு போதுமே. இருபத்தோரு பேரு வந்து நின்னீங்க, ஊரே ஒரே குரல்ல பேசுனீங்க. நானும் தனித்தனியா கேக்கல. கேட்டிருக்கணும்."

அவர் அதைச் சொன்னவிதத்தில் ஒரு தப்பித்தலும் இல்லை. அவருக்கே வருத்தமாக இருந்தது. நான் தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோர்ட்டுக்குப் போன அன்றைக்குக் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவன் கேட்டது இதே விஷயம்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இறங்கி வரும்போது அவன், "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா, பாத்து எறங்கு" என்றான். அவன் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

விளக்கக் கடிதத்தைத் தமிழில் எழுதி அனுப்பச் சென்னை ஆபீசில் சொன்னார்கள், அவர்கள் மொழிபெயர்த்துக்கொள்வார்களாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், அரைகுறையாக இருந்தால் நம்ப மாட்டார்கள் என்று வக்கீல் இரண்டு தடவை சொன்னார். எங்கள் வீட்டில் நன்றாக எழுதுகிறவள் நான்தான். உட்கார்ந்தேன். ரோட்டில் உட்கார்ந்தது நான், அவன் இல்லை என்று எழுதவேண்டும். என் கணவர் அரசாங்க வேலையில் இருந்ததால் அவரைக் காப்பாற்ற என் தம்பி பெயரை நானே கொடுத்தேன் என்று எழுதவேண்டும். கேஸ் இல்லை என்று போனில் சொன்னதும் நான் என்று எழுதவேண்டும். மூன்றே வரி.

வீட்டுக்காரர் அருகில் வந்து நின்று படித்துப் பார்த்தார். இரண்டாவது வரியில் அவர் விரல் நின்றது.

"எம் பேரு இல்லாம எழுது. ஓய்வுக்கு இன்னும் மூணு வருசம்தான் கெடக்கு" என்றார்.

"வேற நாட்டுக்குப் போற காயிதம். இங்க யாரு பாக்கப் போறா?"

"எழுத்துன்னு ஒண்ணு இருந்தா எங்கயாவது வரும்."

தம்பி வாசலில் குழந்தைக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டிருக்கும். உள்ளே பார்க்காமலே, "அத்தான் சொல்லுதபடியே எழுதுக்கா. போன்ல சொன்ன கதையும் வேண்டாம். பார்ம்ல கையெழுத்து என்னோடதுதான, தப்பு என் பேருலயே இருக்கட்டும்" என்றான்.

நான் அந்தத் தாளைக் கிழித்தேன். புதுத் தாளில், "ஊர்ப் பெரியவர்கள் தவறுதலாக என் தம்பியின் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் இதுபோன்றவற்றை வழக்காகக் கருதும் பழக்கம் இல்லாததால் அவன் அறியாமல் விட்டுவிட்டான்" என்று எழுதினேன். நல்ல தமிழ். பிழை ஒன்றும் கிடையாது. நான் என்ற சொல் அதில் எந்த இடத்திலும் இல்லை. அவன் சொன்னான், அதனால் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொல்லிக்கொண்டுதான் அன்றைக்குத் தூங்கினேன்.

மறுபரிசீலனையிலும் மறுத்துவிட்டார்கள். ஊர் ஏன் சம்பந்தமில்லாத ஒருவரின் பெயரைச் சேர்க்கவேண்டும் என்பதற்குத் திருப்தியான விளக்கம் இல்லை என்று பதில் வந்தது. நியாயமான கேள்விதான். முழுக்கடிதம் போயிருந்தால் விட்டிருப்பார்களா என்று சென்னை வக்கீலிடம் ஒருமுறை கேட்டேன். சொல்ல முடியாது மேடம், வாய்ப்பு இருந்திருக்கலாம் என்றார். அந்த "இருந்திருக்கலாம்" என்ற வார்த்தையோடுதான் நான் காலையில் எழுந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடம் தொடங்குவதற்குள் குழந்தை போய்ச் சேரவேண்டும் என்று தம்பி பெண்டாட்டி பத்துநாள் லீவில் வந்தாள். அவள் என் தலைமயிரைப் பிடித்து ஆட்டப்போகிறாள் என்று நான் தயாராக இருந்தேன். அவளோ எனக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வந்திருந்தாள். "மதினி, நீங்க இல்லன்னா எம் பிள்ளைய யாரு பாத்திருப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் புருஷனோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் தட்டில் சோறு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். எனக்குப் புரியவில்லை. எதிர்பார்த்த அடி விழாததால் உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது, அதனால் நான் தோண்டிக் கேட்கவும் இல்லை.

பத்தாம் நாள் கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டோம். தம்பி சென்னை விமானநிலையம் வரை கூடப் போனான். குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, நீங்களும் அப்பாவும் அடுத்த ரயில்ல வாங்க" என்றாள். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். மூன்றாம் நாள் தம்பி தனியாகத் திரும்பி வந்து, மத்தியான ஷிப்டுக்குப் போனான். குழந்தையின் தலைக்கு எண்ணெய் தேய்க்கிற கிண்ணம் அடுப்படி அலமாரியில் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோவில் பேசுவார்கள். அங்கே அப்போது காலை நேரம். தம்பி அதற்காகவே சட்டை போட்டுக்கொண்டு உட்காருவான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் காட்டினாள். அவர்கள் மூவரும் நிற்கிற படம். அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, நீங்க பார்ம்ல பொய் சொன்னீங்களாம்ல? அம்மா சொன்னாங்க. அதான் உங்கள உள்ள விட மாட்டேங்காங்களாம்."

கத்தி என் கையில் நின்றுவிட்டது. அவன் தன் பெண்டாட்டியிடம் என்ன சொல்லியிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கம்பளிச் சட்டையும் அவன் தட்டில் வைத்துவிட்டுப் போன சோறும் எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது.

"ஆமா தாயி" என்றான் தம்பி.

"ஏன்ப்பா சொன்னீங்க?"

"தெரியாம சொல்லிட்டேன்."

"சாரி கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அப்புறமும் ஏன் விட மாட்டேங்காங்க?"

அவன் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் துடைத்தான். நான் அந்த இடத்தில் பேசியிருக்க வேண்டும். பொய் சொன்னது அப்பா இல்லை தாயி, அத்தைதான் என்று ஆறு சொல். எத்தனையோ அதிகாரிகளிடம், வக்கீல்களிடம் கத்திய வாய் இது. ஆறு வயசுப் பிள்ளையிடம் திறக்கவில்லை. அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்று பயந்தேன். எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான்.

"அத்தைட்ட குடுங்க" என்றாள் குழந்தை. தம்பி என் முகத்தைப் பார்க்காமலே போனைக் கொடுத்தான். அவள் முகம் பெரிதாகத் திரையில் வந்தது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"அத்தை, இனிமே பொய் சொல்லக் கூடாதுன்னு அப்பாட்ட நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அப்பா கேப்பாங்க."

"சொல்லுதேன் தாயி" என்றேன்.